இன்சுலினின் பங்காளி

காலையில் ஊசி போட்டுக்கொள்ளும்போது இன்சுலின் ஒரு சொட்டு விரலில் சிந்திவிட்டது. அந்த ஆஸ்பத்திரி வாடை குளித்த பிறகும் போகவில்லை. ரொம்ப நாளாக மனசில் கிடப்பதை இன்றைக்காவது உங்களிடம் கேட்டுவிடலாம் என்று, மாலை போட்ட உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

நம் வீட்டில் சர்க்கரை நோயாளி நான். ஆனால் சர்க்கரை இறங்கி விழுந்ததெல்லாம் நீங்கள். இது என்ன கூத்து! காலையில் எழுப்பினால் வியர்த்துக் கொட்டிக் கிடப்பீர்கள். "யாரு நீ?" என்று என்னையே கேட்பீர்கள். சீனியைக் கரைத்துக் குடிக்கவைத்தால் சற்று நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "காபி போட்டாச்சா?" என்பீர்கள்.

ஒருநாள் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கப் போனவர் அங்கேயே சரிந்துவிட்டீர்கள். "விடிஞ்சும் விடியாம இம்புட்டா குடிக்கிறது!" என்று போகிறவர்கள் திட்டினார்களாம். வெற்றிலைகூடப் போடாத மனுஷன் நீங்கள். இளநீர்க்காரர்தான் அடையாளம் கண்டு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

"வீட்டுல யாராவது இன்சுலின் போடுறாங்களா?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேரையூரிலிருந்து பஸ் பிடித்து ஓடிவந்திருந்த உங்கள் அக்காவுக்கு அது போதாதா?

"இவதான் டாக்டர் போட்டிருப்பா. என் தம்பிக்கு வேற எப்படி எறங்கும்?"

வார்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நீங்கள் பேசுவீர்கள் என்று உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேசினீர்கள்.

"விடுக்கா. தெரிஞ்சா போட்டிருக்கப் போறா?"

ரத்தம் சென்னைக்குப் போய் முடிவு வந்தது. உங்கள் ரத்தத்தில் இன்சுலின் இல்லவே இல்லை என்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஸ்கேன் எடுத்ததில் வயிற்றுக்குள் பெரிய கட்டி. டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "உங்க மேல தப்பே இல்லம்மா. உடம்பு வளர்றதுக்குன்னு ஒரு ஹார்மோன் இருக்கு, இன்சுலினுக்குப் பங்காளி மாதிரி. சாயலும் அப்படித்தான். இந்தக் கட்டி அதை அளவில்லாம சொரக்குது. செல்லுல இன்சுலின் வந்து ஒட்டுறதுக்குன்னு ஒரு இடம் உண்டு. அதுல இது போயி ஒட்டிக்குது. செல்லும் இன்சுலின்தான்னு நம்பி, சர்க்கரையை உள்ள இழுத்துக்குது."

பங்காளி என்றால் எனக்குப் புரியாதா? உரிமையில்லாத இடத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்வான். உங்களுக்குள் உட்கார்ந்தவனை வெட்டி எடுக்கவும் முடியவில்லை.

உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கு வாய்தான், மனசில் ஒன்றும் கிடையாது. அவரை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

உங்களிடம் மட்டும் ஒருமுறை, சீனித்தண்ணீர் கொடுக்கும்போது கேட்டேன். "நீங்களுமா அப்படி நெனச்சீங்க?"

"மயக்கத்துல என்னத்தையோ ஒளறியிருப்பேன். அதைப் போயி பிடிச்சுக்கிட்டு இருக்கியே."

சரி என்று சொல்லிவிட்டேன். சாகக் கிடக்கிறவரிடம் வேறு என்ன சொல்வது?

ஏங்க, சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும், ஏறினால் புத்தி எவ்வளவு சீக்கிரம் தெளியும் என்று எனக்கா தெரியாது? உங்கள் அக்கா வந்து சேர்ந்தபோது குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றி வெகுநேரமாகியிருந்தது. நீங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள்.