அறுபது கிண்ணமும் ஒரு விமான டிக்கெட்டும்

அன்புள்ள கட்டெறும்புக்கு,

இங்கே அம்மா நலம். நானும் நலம், இடது கட்டைவிரல் நகம் ஒன்றைத் தவிர. அது கறுத்துப்போய், தனியாக நலம் விசாரிக்க வேண்டிய நிலையில் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும், உள்ளே இருந்தபடி உதைத்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதரும் சுகமா? கால் வீக்கம் வடிந்ததா? நான் இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தண்ணீர் வரி ஆபீசுக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லி முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னோடு பேச ஆரம்பித்து இரண்டாவது நிமிடம் போன் அம்மா கைக்குப் போய்விடும் என்பது உனக்கே தெரியும். விஷயம் இதுதான்: வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு டிக்கெட் போடப்போவதாகச் சொன்னாய் அல்லவா, இதைப் படித்து முடிக்கிற வரையில் போடாதே. பதறாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நாங்கள் இருவரும் சனி ஞாயிறுகளில் இரும்புப் பட்டறைக்குப் போய்க் கிண்ணம் அடிக்கக் கற்றுக்கொள்வது உனக்குத் தெரியும், அதற்குச் சிரித்தும் முடித்துவிட்டாய். ஆபீசிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த நான், வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சமையலறை டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கியதில் அம்மாவுக்கு உப்பும் சர்க்கரையும் இடம் மாறிப்போய், அன்றைக்கே என்னைப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். நான் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவேனோ என்ற சந்தேகத்தில் கூடவே அவளும் சேர்ந்தாள். இப்போது அவள் பட்டறையின் நட்சத்திரம், நான் பட்டறையின் பொழுதுபோக்கு. பட்டறைக்காரம்மாவுக்கு உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், கை இரண்டும் துடுப்பு மாதிரி. அம்மாவை அக்கா என்கிறாள், என்னை சார் என்கிறாள், அந்த சாரில் மரியாதையைவிட எச்சரிக்கைதான் அதிகம். வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். வட்டமாக வெட்டிய தகட்டை உலையில் செக்கச்செவேலென்று காயவைத்து, இடுக்கியால் எடுத்து, நடுவில் குழி குடைந்த மரக்கட்டை மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி அடித்து வரவேண்டும். ஒவ்வோர் அடிக்கும் தகட்டை ஒரு விரற்கடை திருப்ப வேண்டும். விளிம்பு பாவாடைக் கொசுவம் போல மடியும். மடிப்பு முற்றுவதற்குள் தட்டி அமர்த்தாவிட்டால் அங்கேயே கிழியும். என் முதல் கிண்ணம் நாலு இடத்தில் கிழிந்தது. அதைப் பார்த்து வகுப்புத் தோழரான பல் டாக்டர், "என்ன சார், காது வச்சு அடிச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

போன மாதம் ஓர் ஓட்டல்காரம்மா பட்டறைக்கு வந்து, மேஜைகளில் பழம் வைக்க அறுபது கிண்ணம் வேண்டும், ஆனால் முதலில் ஒரு மாதிரி பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பட்டறைக்காரம்மா நேரே உன் அம்மாவிடம் வந்தாள். "அக்கா, என் கை பூரா கேட் வேலை. மாதிரியை நீங்க அடிங்க. அவங்களுக்குப் பிடிச்சா அறுபதும் உங்களுதுதான், நாலு மாசம் தினமும் வரணும், சம்பளம் தரேன்" என்றாள். அம்மா சிரித்து, "கிடைக்கவா போகுது, சும்மா அடிச்சுப் பார்க்கிறேன்" என்றாள். சும்மா அடித்துப் பார்க்கிறவள் யாரும் குளியலறையில் நின்று பல்தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பால் கண்ணாடி நீராவியில், கிண்ணத்தைச் சுற்றி அடிக்கப்போகும் இலையை வரைந்து பார்க்க மாட்டாள். உன்னிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, சொன்னால் நீ வராதே என்று சொல்லிவிடுவாயாம். அவளுக்கு உன்னிடமும் வரவேண்டும், அந்த அறுபதும் வேண்டும். இரண்டையும் எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு அடித்தாள்.

இனி என் பங்கு. பட்டறையில் ஒரு விதி: அவரவர் கிண்ணத்தின் அடியில் அரத்தால் கோடு இழைத்து அடையாளம் வைக்க வேண்டும், ஏனென்றால் உலையிலிருந்து வந்தால் எல்லாம் ஒரே கறுப்பு. அம்மாவுக்கு இரண்டு கோடு, எனக்கு மூன்று. மூன்று கோடு இழைக்கச் சோம்பல்பட்டு நான் சாக்கட்டியால் என் பெயரை எழுதி வைத்தேன். சாக்கட்டி எழுத்து உலையில் என்னவாகும் என்று யோசிக்க, இருபத்தொன்பது வருட ஆபீஸ் அனுபவம் எனக்கு உதவவில்லை. போன சனிக்கிழமை அலமாரிக்குப் போனேன். ஐந்தாறு கிண்ணங்கள் இருந்தன. ஒன்று மட்டும் வயிறு சீராக, விளிம்பு நெளிவில்லாமல், கையில் எடுத்தால் கோழிக்குஞ்சு மாதிரி அடங்கி உட்கார்ந்தது. அடடா, எவ்வளவு தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். திருப்பிப் பார்க்கவேயில்லை. அழகாக இருந்தது, ஆகவே என்னுடையது. மணல் மூட்டை மேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, பூவேலை உளியை எடுத்து, சுற்றிலும் இலை இலையாக அடிக்க ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம். பல் டாக்டர் எட்டிப் பார்த்து, "இலையா? எனக்கென்னவோ கடைவாய்ப் பல் மாதிரி தெரியுது சார்" என்றார். கடுப்பில் அடுத்த அடியைக் கொஞ்சம் பலமாகப் போட்டேன், உளி மறுபக்கம் வந்துவிட்டது. "பாருங்க, இது சொத்தை" என்றார். அப்போதுதான் அம்மா வந்து தன் கிண்ணத்தைத் தேடினாள்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். கிண்ணத்தை வாங்கித் திருப்பினாள், அடியில் இரண்டு கோடு. அந்தத் துவாரத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தாள், வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். பல் டாக்டர்தான் சும்மா இருக்காமல், "விடுங்க சார், வீட்டுலயும் நல்லா இருக்கறது எல்லாம் உங்களுது, கிழிஞ்சது எல்லாம் அவங்களுதுதானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் சிரிப்பு வந்தது, அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஓட்டல்காரம்மா மறுநாள் நாலு மணிக்கு வருவதாக இருந்தது. அம்மா திரும்பி வந்து இன்னொரு தகடு கேட்டாள். "அக்கா, ஒரு கிண்ணத்துக்கு ரெண்டு நாள் ஆகுமே" என்று பட்டறைக்காரம்மா இழுத்தாள். "அது இவருக்கு ஆகும்" என்றாள் அம்மா. எனக்கு உலைக்குக் காற்று ஊதும் விசிறியின் கைப்பிடியைச் சுற்றும் வேலை கொடுக்கப்பட்டது. அன்று கடை சாத்தும் வரைக்கும், மறுநாள் காலை ஏழிலிருந்தும் சுற்றினேன். "மெதுவா", "போதும்", "இப்ப" என்ற மூன்று வார்த்தைகளைத் தவிர என்னோடு அவள் பேசவில்லை. நடுவில் பெரிய மனதோடு சுத்தியல் பிடிக்கப்போய் விரல் நசுங்கியது தனிக் கதை, அதில் பெருமை ஒன்றுமில்லை.

கடைசி இலைக்கு நரம்பு அடித்து, சூட்டோடு தேன்மெழுகு தேய்த்து, அது புகைந்து கறுப்பாகப் பளபளத்தபோது மணி மூன்றே முக்கால். பன்னிரண்டு இலை, எல்லாம் ஒரே பக்கம் லேசாகச் சாய்ந்து, காற்று அடிக்கிற மாதிரி. ஓட்டல்காரம்மா கிண்ணத்தை மேஜையில் வைத்து ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள், ஆடவில்லை. தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தாள். என் துரதிர்ஷ்டம், பக்கத்திலிருந்த சொத்தைக் கிண்ணத்தையும் எடுத்து, "இது யார் செஞ்சது?" என்று கேட்டாள். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் உலையைப் பார்த்தார்கள். அப்புறம் அவள், "அறுபதும் இந்த அம்மாவே செய்யட்டும், வேற கை வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்கு உன் அம்மாவை இருபத்தெட்டு வருடமாகத் தெரியும். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அது அரை நிமிடம்தான் இருந்தது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டே பட்டறைக்காரம்மாவிடம், "மாசக் கடைசியில பொண்ணுகிட்டப் போறேன்மா, முதல் பிரசவம். நீங்க வேற ஆளைப் பாருங்க" என்றாள். அவளோ, "ஒரு வாரம் யாரையும் பார்க்க மாட்டேன் அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினாள். உன் குழந்தைக்குத் தைத்த சட்டைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. நேற்று நீ போனில் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டபோது, போடு என்று உடனே சொன்னாள், சந்தோஷமாகத்தான் சொன்னாள், அதுவும் பொய்யில்லை. ஆனால் எதிரே இருந்த நான் பார்த்தேன், இடது கை சாப்பாட்டுத் தட்டை ஒவ்வொரு விரற்கடையாகத் திருப்பிக்கொண்டே இருந்தது.

ஆகவே நான் யோசித்து வைத்திருப்பது இது. பிரசவத்துக்கு அம்மா மூன்று வாரம் வரட்டும். பட்டறைக்காரம்மாவைத் தனியாகக் கேட்டுவிட்டேன், "இரும்பு என்ன கெட்டா போயிடும்? போயிட்டு வரட்டும் சார்" என்கிறாள். மீதி நாளுக்கு நான் வருகிறேன். சிரிக்காதே. தெருக்கோடி நர்ஸம்மாவிடம் குழந்தையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொள்கிறேன், மூன்று கிலோ தர்பூசணியை வைத்து. தலையைத் தாங்கிப் பிடியுங்கள் என்கிறாள், தர்பூசணிக்கு எது தலை என்பதில்தான் எனக்குக் குழப்பம். முதல் நாள் ஒன்று நழுவியது, மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். அதன் பிறகு மூன்று நாளாக நழுவவில்லை. துணி துவைப்பேன், தூளி ஆட்டுவேன், பெரிய மனிதர் எத்தனை மணிக்கு அழுதாலும் எழுந்திருப்பேன், எனக்கு எப்படியும் தூக்கம் இல்லை. உன் சமையலறை டப்பாக்களைத் தொட மாட்டேன். இதெல்லாம் சரிப்படாது, அம்மாதான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் தயங்காமல் சொல். முதல் தடவை, உனக்குப் பயமாகத்தான் இருக்கும், அதில் தப்பே இல்லை. அம்மா மறுபேச்சில்லாமல் வந்து ஆறு மாதமும் இருப்பாள், ஒரு நாளும் அறுபது கிண்ணத்தைச் சொல்லிக்காட்ட மாட்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்பதால்தான் நான் சொல்கிறேன்.

இன்று சாயங்காலம் அம்மாவைக் கூப்பிடு. எப்போது வருகிறாய் என்று கேட்காதே, இலையில் நரம்பு எப்படி அடித்தாய் என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. எப்படியும் முக்கால் மணி நேரம் பேசுவாள். அவள் பேசி முடித்த பிறகு, டிக்கெட்டில் யார் பெயர் எத்தனை நாளுக்கு என்பதை நீயே முடிவு செய், எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

நீயும் குழந்தையும் நல்லபடியாகப் பிழைத்து எழுந்து, நூறு வயது வாழ்ந்து, எங்களைப் பற்றி முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொள். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு.

இப்படிக்கு,
உன் அம்மாவிடம் காற்று ஊதும் வேலையில் இருக்கும்
அப்பா