செல்விக்கு எடுத்து வந்த கப்

ஆடி, செவ்வாய்க்கிழமை.

ஆஸ்பத்திரியில் கவுன்சிலிங் மேடம், "ராத்திரி தூக்கம் வருதாம்மா?" என்று மகள் செல்வியைக் கேட்டார். "படுத்தா குறட்டைதாங்க" என்று முந்திக்கொண்டு என் கதையைச் சொன்னேன்.

செல்விக்கு ஏழு மாத வயிறு. ரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி என்ற மஞ்சள் காமாலைக் கிருமி என்றதும் மாமியார் தனித்தட்டு வைத்துவிட்டார். அழுதுகொண்டே என்னிடமும் அவள் அம்மாவிடமும் வந்துவிட்டாள்.

"ஒரே தட்டுல சாப்ட்டாலும் ஒட்டாதுங்க. ஒதுக்கி வச்சாதான் புள்ள மனசு ஒடிஞ்சிடும்" என்றார் மேடம். எல்லாம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

சாயங்காலம் வேலை முடிந்து, நான் வேலை பார்க்கும் பீங்கான் சூளையிலிருந்து பூப்போட்ட கப் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினேன்.

"இங்கயும் எனக்குத் தனியாப்பா?"

"சேச்சே, பூ நல்லா வந்திருந்துது. ஆசையா எடுத்தாந்தேன்."

டீயைக் குடித்தாள். அவளே கழுவி, எங்கள் டம்ளர்களோடு சேர்க்காமல் ஜன்னலில் கவிழ்த்தாள்.

ஆசையென்றால் மூன்று பேருக்கும் எடுத்திருப்பேன். பயத்தில்தான் ஒன்றே ஒன்று எடுத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.