றெபேக்கா சோல்ட்ஸ்மன், வயது பன்னிரண்டு

மொன்றியல்,
9.2.2004

அன்புள்ள யோசெப்பினுக்கு,

இங்கே சுகம். நீரும் பிள்ளையும் மன்னார் வெயிலில் கறுத்துப்போய்ச் சுகமாக இருப்பீர்கள். நீங்கள் போன கலியாணம் குறையில்லாமல் முடிந்தது என்று அக்கா டெலிபோனில் சொன்னா. மாப்பிள்ளை அதிகம் வாய் திறக்கவில்லையாம். நல்லது, வாய் திறக்க இன்னும் நாற்பது வருசம் கிடக்கிறது.

குணரத்தினம் அண்ணை நாளைக்குக் கொழும்புக்குப் பறக்கிறார். தபாலில் போடாமல் அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். டெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீர் கூடத்தில் நின்று கதைக்கிறீர், பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள். இதைத் தனிய இருந்து வாசியும்.

முதலில் உமக்குக் கோபம் வரப்போகும் விசயம். நீங்கள் திரும்பி வரும் இருபத்திரண்டாம் தேதி டிக்கற்றை யூன் மாதத்துக்கு மாற்றிவிட்டேன். உம்மைக் கேட்காமல் மாற்றினேன். கேட்டிருந்தால் காரணம் கேட்டிருப்பீர், நான் ஒரு பொய் சொல்லியிருப்பேன்.

கடையில் காசு போடும் லாச்சிக்கு மேலே தொங்கும் படச்சட்டம் ஞாபகம் இருக்குமே. கிழவர் சோல்ட்ஸ்மன் கடையை எனக்கு விற்றபோது விட்டுப்போனது. சோல்ட்ஸ்மன் என்ற பெயர் உள்ளவர்கள் எங்கே என்ன பெரிய காரியம் செய்தாலும் பேப்பரில் வெட்டி ஒட்டிவைப்பார். ஒரு வயலின்காரர், ஒரு நீதவான், மூக்கு உடைந்த குத்துச்சண்டைக்காரன், சதுரங்கம் ஆடும் ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு விஞ்ஞானப் பெண். உங்கள் சொந்தமா என்று ஒருநாள் கேட்டேன். ஒருவரையும் தெரியாது, பெயர் ஒன்று, அது காணும் என்றார். அந்த யூதப் பெயருக்கு உப்பு விற்கிறவன் என்று அர்த்தம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கு அது பொருந்தும் என்று சிரித்தோம். பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தமிழ்ச் சனம் என்னை உப்புக்கார அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.

தான் உயிரோடு இருக்கும் வரைக்கும் பெயர்ப்பலகை இருக்கட்டும் என்றுதான் கிழவர் கை குலுக்கினார். நான் அதை மரியாதைக்காக வைத்திருந்தேன் என்று சொன்னால் பொய். தையல் தொழிற்சாலைக்காரர் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் படி ஏறி வந்து நூலும் சிப்பும் சட்டைத் தெறியும் வாங்கினார்கள். கிறிஸ்தோப்பர் என்று எழுதியிருந்தால் யார் வந்திருப்பார்கள்? மிஸ்டர் சோல்ட்ஸ்மன் என்று என்னைக் கூப்பிட்டவர்களை நான் திருத்தினதே இல்லை.

போன ஒக்டோபரில் பிள்ளை கணிதப் போட்டியில் வென்றபோது கடை வாசலில் வைத்துப் படம் எடுத்தார்களே, அந்தப் பேப்பர்க்காரப் பெடிச்சி மேலே பலகையைப் பார்த்துவிட்டு 'றெபேக்கா சோல்ட்ஸ்மன், வயது பன்னிரண்டு' என்று போட்டுவிட்டாள். அப்ப நீர் என்ன சொன்னீர்? "உடன போன் எடுத்துத் திருத்தச் சொல்லுங்கோ, பிள்ளைக்கு அப்பன் வேற எண்டு நினைக்கப்போகுதுகள்." நான் என்ன சொன்னேன்? காசில்லாத விளம்பரம், விடும் என்றேன். அதை வெட்டி அந்தச் சட்டத்தில் ஆறாவதாகச் செருகினதும் நான்தான். கிழவருக்குக் கொண்டுபோய்க் காட்டினபோது, "இப்ப எங்கட ஆக்களில கறுப்பி ஒருத்தியும் இருக்கிறாள்" என்ற மாதிரி ஏதோ தன் இங்கிலீசில் சொல்லிக் கண் கலங்கினார்.

டிசம்பரில் கதவு இடுக்கால் ஒரு உறை விழுந்திருந்தது. டெலிபோன் புத்தகத்தில் கிழித்த ஒரு பக்கம். அதில் இருந்த சோல்ட்ஸ்மன்கள் எல்லாருக்கும் சிவப்புப் பேனையால் இலக்கம் போட்டிருந்தது. எங்கள் கடை ஒன்பது, கடைசி இலக்கம். யாரோ பைத்தியம் என்று லாச்சிக்குள் போட்டுவிட்டேன். அதற்குப் பயந்துதான் உங்களை அனுப்பினேன் என்று நினைக்காதேயும். அவ்வளவு புத்தி எனக்கு இருந்திருந்தால் நல்லது.

நீங்கள் போய் ஒரு கிழமையால் சட்டத்தைத் துடைத்தபோது ஆறாவது இடம் வெறுமையாக இருந்தது. கண்ணாடி உடையவில்லை, மற்ற ஐந்தும் அப்படியே. பசை விட்டு விழுந்திருக்கும் என்று மேசைக்கடியில் எல்லாம் தேடினேன். போன செவ்வாய் அது திரும்பி வந்தது. கதவு இடுக்கால், உறைக்குள். பிள்ளையின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. பள்ளிக்கூடத்தின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு. ஓரத்தில் பிரெஞ்சில் ஒரு வரி: 'இன்னும் எத்தனை பேர்?'

யோசெப்பின், அவன் கடைக்குள் வந்துபோனவன். எனக்கு ஆளைத் தெரியும் என்றே நினைக்கிறேன். நீங்கள் போன கிழமை வந்தவன், ஐம்பது வயது இருக்கும், சுத்தமான கோட்டு, ஒரேயொரு சிப் வாங்கினான். சட்டத்தை நெடுநேரம் வாசித்துவிட்டு, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டான். நான் பெருமையாக, என்னுடைய மகள் என்றேன். அழகான பிள்ளை என்றான். பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லி மீதிக் காசையும் அவன் கையில் வைத்தேன். பிறகு தொழிற்சாலைக்காரர் இருவர் வர, நூல் எடுக்கப் பின்னுக்குப் போனேன். படத்தை உருவ அவ்வளவு நேரம் அவனுக்குக் காணும்.

பொலிசுக்குச் சொன்னேன். ஒரு இளம் பெண் வந்தா, மரியாதையான பிள்ளை. நீங்கள் மிஸ்டர் சோல்ட்ஸ்மனா என்று கேட்டா. இல்லை என்றேன். அப்ப மகள்? அவளும் இல்லை. படத்தில்? படத்தில் அவள்தான். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. முழுக் கதையும் சொல்லி முடிக்க ஒரு மணித்தியாலம் போனது. எல்லாம் எழுதிக்கொண்டா, உறையையும் வாங்கிக்கொண்டா. பள்ளிக்கூடத்துக்கும் சொல்லியாயிற்று. டிக்கற்றைப் பிற்போட்டது நல்லது என்று அவவே சொன்னா.

கிழவரைப் பார்க்கப் போனேன். எண்பத்தெட்டு வயது, முதியோர் விடுதியில் யன்னலோரம் இருக்கிறார். என்ன எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. முத்திரை ஒட்டியிருந்ததா, கையால் போட்டதா என்று கேட்டார். கையால் என்றேன். பிள்ளை எங்கே என்றார். மன்னாரில். அங்கே சண்டை அல்லவா? இப்ப சமாதானம் என்றேன். "அப்ப அங்கேயே இருக்கட்டும்" என்றார். அந்த மனுசன் வாயால் மொன்றியலை விட மன்னார் நல்லது என்று கேட்பேன் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்து, பலகையைக் கழற்று, எனக்குக் கவலையில்லை, கை குலுக்கினதை நான் திருப்பி எடுக்கிறேன் என்றார்.

சனிக்கிழமை பனிக்குள் ஏணி வைத்து ஏறினேன். நாலு ஆணி. இரண்டைக் கழற்றினேன். அப்ப நீர் சொல்லும் அந்தக் கதை வந்து மனதில் நின்றது. எண்பத்து மூன்று கலவரத்தில், வத்தளையில், பக்கத்து வீட்டுச் சிங்களச் சிசிலி அன்ரி தன் கேற்றில் இருந்த பெர்னாண்டோ பலகையைக் கழற்றி உங்கள் கேற்றில் மாட்டிவிட்டு, மூன்று நாள் தன் கேற்றை மொட்டையாக வைத்துக்கொண்டு வாசலில் நின்றாவே. தெருவால் ஆக்கள் தடியோடு போனபோது நீர் உள்ளே பத்தாயத்துக்குப் பின்னால் இருந்தீர். அந்தப் பெயர் உங்களுடையது இல்லை. ஆனாலும் காக்கவேண்டிய நேரம் உங்களைக் காத்தது.

இரண்டு ஆணியையும் திருப்பி முறுக்கிவிட்டு இறங்கினேன். வீரம் என்று நினைக்காதேயும். பலகையைக் கழற்றினால் அந்த டெலிபோன் புத்தகப் பக்கத்தில் மற்ற எட்டுப் பேரும் இருப்பார்கள், நான் மட்டும் மெல்ல நழுவினவன் ஆவேன். பதினெட்டு வருசம் இந்தப் பெயரால் சாப்பிட்டேன். அதுவுமல்லாமல், கழற்றினாலும் பிள்ளையின் முகத்தை அவன் மறக்கப்போவதில்லை. படச்சட்டத்தை மட்டும் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பத்து வருசத்துக்கு முன் செய்திருக்கவேண்டிய இன்னொன்றும் செய்தேன். பலகைக்குக் கீழே என் பெயரையும் எழுத ஓடர் கொடுத்திருக்கிறேன். வருகிறவன் யாரிடம் வருகிறான் என்று தெரிந்து வரட்டும்.

என்னைப் பற்றி யோசிக்கவேண்டாம். மேல் வீட்டு றெஜினா கறி கொண்டுவந்து தருகிறா, உப்புத்தான் கொஞ்சம் கூட. கடையில் இருந்து அவவின் மனுசன் றெக்ஸோடு சேர்ந்துதான் வீட்டுக்குப் போகிறேன். இன்று காலை வாசல் பனியில் யாரோ நின்றுவிட்டுப் போன சப்பாத்து அடையாளம் இருந்தது. தபால்காரனாகவும் இருக்கலாம்.

பிள்ளையை அங்கே கன்னியர் பள்ளிக்கூடத்தில் தவணை முடியும் வரைக்கும் விடலாமா என்று அக்காவிடம் கேளும். தமிழ் எழுதப் பழகட்டும். காரணம் கேட்டால் அப்பாவுக்கு விசர் என்று சொல்லும், நம்புவாள்.

பதில் போடும்போது அவளும் வழக்கம்போல ஒரு துண்டு எழுதி வைப்பாள், வைக்கட்டும். உறைக்கு மேலே பூப் போட்டுத் தன் பெயரை எழுத வருவாள். அதை மட்டும் எழுத விடாதேயும்.

ஆனால் அங்கே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். சாப்பிடக் கூப்பிடும்போது வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிடும். இரண்டு தரம் கூப்பிடும், மற்றது எனக்காக.

மடு மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் சேலைக்குள் வைத்திருக்கட்டும்.

உம்முடைய
கிறிஸ்தோப்பர்