வண்டி கேட்கவில்லை, அண்ணா

என் செல்ல அண்ணா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ காட்ட மாட்டாய் என்று தெரியும், ஆனாலும் சொல்கிறேன். இந்தத் தாள் வேறு யார் கையிலாவது கிடைத்தால், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், விடியும்வரை எங்கள் அப்பா கண்ணில் பட விடாதீர்கள்.

உன் அறையில்தான் இருக்கிறேன். உள்ளே தாழ்போட்டிருக்கிறேன். உன் ரிமோட் கார் என் மடியில் இருக்கிறது. அப்பா அதை பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அம்மாவின் தலையணைக்கடியில் இருந்தது. எடுக்கும்போது அம்மா கண்ணைத் திறந்த மாதிரி இருந்தது. திறந்தாளா, இல்லையா?

காலையில் அப்பாவும் பெரியப்பாவும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். ஜெரால்டு வேண்டுமென்றே உன் காரை ஈசிஆர் ரோட்டுக்குள் விட்டான், அதை எடுக்க ஓடியதால்தான் வேன் உன்மேல் மோதியது என்று புகார் எழுதிவிட்டார்கள். பெரியப்பா அதை ஹாலில் சத்தமாகப் படித்துக் காட்டினார். உன் உயிர் நண்பன் ஜெரால்டு, அண்ணா! கோவளத்தில் படகுக்கு டீசல் சுமந்துவிட்டு, அந்தக் கையோடு உன் காரைத் தொடக்கூடாது என்று சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவானே, அந்த ஜெரால்டு.

உன் காரியத்தன்று அவன் வந்தான். பஸ் மாறி மாறி செங்கல்பட்டு வந்து, வாசலிலேயே நின்றான். ரிமோட்டைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான்.

"அங்கிள், நான் ரைட்ல ஒடிச்சேன். பிரேக்கும் புடிச்சேன். வண்டி கேக்கவே இல்ல. ரோட்டுக்குப் போய் நின்னுகிச்சு. போவாத மச்சான்னு கத்திகினே ஓடியாந்தேன் அங்கிள்."

"ரிமோட் யார் கையில இருந்துச்சு? அத மட்டும் சொல்லு."

"என் கையிலதான்."

"போதும். கெளம்பு."

அவன் துண்டைக்கூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான். அம்மா அதைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டி கேட்கவில்லை என்றானே, அதுதான் என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. புது ஸ்டியரிங் மோட்டார் போட்ட அன்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்: "இது பெரிய தீனிப்பண்டாரம்டி வாலு. ஒரேயடியா கரண்ட்ட இழுத்துக்கும். ரிசீவருக்கு வோல்டேஜ் எறங்கிப் போய் ஒரு நொடி மயக்கம் போட்டுடும்." மயங்கினால் ரிமோட் சொல்வது வண்டிக்குக் கேட்காது. அதற்கு ஒரு கண்டென்சர் மாட்ட வேண்டும் என்றும் சொன்னாய். சின்னத் தண்ணித்தொட்டி மாதிரி கரண்ட்டைத் தேக்கி வைத்து, குறையும்போது கொடுக்கும் என்றாய்.

அதனால் இன்று ராத்திரி சக்கரங்கள் தரையில் படாதபடி காரைப் புத்தகங்கள்மேல் தூக்கி வைத்தேன். பேட்டரியை மாட்டினேன். முன்சக்கரத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரிமோட்டில் முழுசாக வலது பக்கம் ஒடித்து, பிரேக்கையும் அழுத்தினேன். ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்தது. பிறகு மெதுவாக எரிந்தது. மறுபடி செய்தேன். மறுபடி அணைந்தது. ஜெரால்டு பொய் சொல்லவில்லை, அண்ணா. எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தம் வராமல் இருக்கத் துணியைக் கடித்துக்கொண்டேன்.

விளக்கு அணைவதை மட்டும் காட்டினால், கீழே விழுந்து கெட்டுப்போயிருக்கும் என்பார் பெரியப்பா. கண்டென்சர் மாட்டினால் அணையாது என்றும் காட்ட வேண்டும். நம் வீட்டில் கண்டென்சர் என்றால் வேறென்ன? ஃபேன் மெதுவாகச் சுற்றினால் அப்பா வாங்கிவந்து மாற்றுவாரே, அதுதான். ஸ்டூல் போட்டு ஹால் ஃபேனிலிருந்து அதைக் கழற்றினேன். ஒயரை முறுக்கி ரிசீவரில் சேர்த்தேன். விளக்கு அப்போதும் அணைந்தது. அதன்மேல் 2.5 என்று போட்டிருந்தது. தொட்டி இல்லை, ஸ்பூன். நீ இருந்திருந்தால் ஜெரால்டிடம் சொல்லி என்னை ஒரு மாசம் கிண்டல் பண்ணியிருப்பாய்.

பிறகுதான் உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன்.

அதில் நீ செய்து வைத்த கண்டென்சர் இருந்தது. கட்டைவிரல் அளவு, மேலே 4700. மாற்றி மாட்டினால் வெடித்துவிடும் என்பதற்காக, வெள்ளைக்கோடு போட்ட காலில் கறுப்பு ஒயரைச் சரியாகப் பற்றவைத்து, ரிசீவரில் செருகப் பிளக்கும் வைத்திருந்தாய். செருகினேன். ஒடித்தேன், பிரேக் பிடித்தேன், திரும்பத் திரும்பச் செய்தேன். விளக்கு அணையவே இல்லை.

பிறகு காரின் மேல்மூடியைப் போட்டுப் பார்த்தேன். மூடவில்லை. கண்டென்சர் இடித்தது. ஒரு விரல் இடைவெளி. கண்டென்சரைக் கழற்றினால் மூடி அழகாகப் பொருந்தியது.

அதற்காகத்தானா அண்ணா? மூடி மூடவில்லை என்றா கழற்றி வைத்தாய்? இன்னொரு நாள் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாயா?

இப்போது நான் என்ன செய்வது, சொல்லு. இதைக் காட்டினால் ஜெரால்டு தப்பிப்பான். ஆனால் நீயேதான் இதை இழுத்துவிட்டுக்கொண்டாய் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அவர் தினமும் உன் ஷூவைத் துடைத்து வைக்கிறார். ஜெரால்டுமேல் இருக்கிற கோபத்தில்தான் எழுந்து நடக்கிறார். அதையும் பிடுங்கிவிட்டால் அவரிடம் என்ன மிச்சம் இருக்கும்? இந்தக் கண்டென்சரை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று எழுந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். கை நீளவில்லை.

ஜெரால்டு போவாத மச்சான் என்று கத்திக்கொண்டே ரோட்டுக்குள் ஓடியிருக்கிறான், அண்ணா. அவனும் அடிபட்டிருக்கலாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச மாட்டேன். பேசவே மாட்டேன். அவர்கள் கிளம்புமுன் காரை ஹாலில் வைத்து, ரிமோட்டை அப்பா கையில் கொடுப்பேன். அவரே ஒடிக்கட்டும். அவர் கையில் இருக்கும்போதே விளக்கு அணையட்டும். பிறகு நீ செய்ததை மாட்டுவேன். அவர் உடைந்துபோனால் நான் பிடித்துக்கொள்வேன். என்னால் முடியுமா தெரியவில்லை, ஆனால் பிடித்துக்கொள்வேன்.

காலையில் எழுத நேரம் இருக்காது, இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உன் ஒரே தங்கச்சி,
வாலு

கதவைத் தட்டுகிறார்கள்.

"திவ்யா, தூங்கலயாம்மா? ஹால்ல ஃபேன் சுத்தவே மாட்டேங்குது. உள்ள என்னம்மா சத்தம்?"

அப்பா. காலைவரை காத்திருக்கப் போவதில்லை, அண்ணா, இப்போதே. கண்டென்சரைத் தனியே எடுத்து வைத்துவிட்டேன், ரிமோட்டை எடுத்துக்கொண்டு