கத்தரிப்பூ நிறச் சோளம்

தோர்ண்டன் ஹீத்,
12.02.1992

அன்புள்ள கௌரிக்கு,

இந்த லண்டன் குளிரிலும் நீரும் பிள்ளை ஆரணியும் உம்முடைய அண்ணை வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். என்னைப் பற்றிச் சொல்வதென்றால், குடியை விட்டுப் பத்து மாதம் முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் வெம்பிளிக்குப் போய்ப் பத்து மாதம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே கணக்குத்தான்.

பிஸ்கற் தொழிற்சாலையில் இப்போது எனக்குக் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். அதுதான் பயமாக இருந்தது. பின்னேரம் ஐந்து, ஆறு மணியானால் கை தானாக ஒரு கிளாசைத் தேடும். குடியை விட்டவர்கள் வியாழக்கிழமைகளில் இங்கே தேவாலய மண்டபத்தில் கூடுவோம். அங்கே இதைச் சொன்னேன். பக்கத்துக் கதிரையில் இருந்த ஹெர்னான் சிரித்தார். அவர் பெரு நாட்டுக்காரர். ஓர் உணவுச்சாலையில் சமைக்கிறார். குடியை விட்டு ஆறு வருடம். "கை கிளாசைக் கேட்டால் கிளாசைக் கொடு. உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதை நீ முடிவெடு" என்றார்.

அடுத்த ஞாயிறு ஒரு பையோடு என் அறைக்கே வந்துவிட்டார். பைக்குள் காய்ந்த சோளப்பொத்திகள். நீர் நம்பமாட்டீர் கௌரி, எல்லாம் கத்தரிப்பூ நிறம். சில பொத்திகள் கறுப்பு என்றே சொல்லலாம். அவருடைய தங்கை லீமாவிலிருந்து வரும்போது கொண்டுவந்தவை. மணிகளை உதிர்த்து, நடுத்தண்டையும் எறியாமல், பெரிய பானையில் தண்ணீர் விட்டுப் போட்டோம். கூடவே அன்னாசித் தோல், ஓர் அப்பிள், கறுவாப்பட்டை, நாலைந்து கராம்பு. மணி வெடிக்கும்வரை ஒரு மணித்தியாலம் கொதிக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலமும் நான் அடுப்படியை விட்டு அசையவில்லை. ஹெர்னான் கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு நான் வெறியில் படுத்துக் கிடந்த அன்றைக்குத் திரைச்சீலை தீப்பற்றியதையும், நீர் ஆரணியைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஓடியதையும் நான் அவருக்குச் சொல்லியிருந்தேன். அவர் பிறகு வற்புறுத்தவில்லை.

வடித்து ஆறவைத்த பிறகுதான் சீனியும் தேசிக்காய்ப் புளியும் விட வேண்டும். புளி விழுந்த உடனே கறுப்பாக இருந்தது சிவந்து பளபளக்கிறது. பெயர் சிச்சா மொராதா. ஒரு துளி மதுவும் இல்லை. அங்கே குழந்தைகள் குடிப்பதாம்.

மார்ச் எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்கு எட்டு வயது. நான் வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுதும்.

குகதாசன்

*

வெம்பிளி,
20.02.1992

ஆரணியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். பிள்ளைக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. எனக்குச் சுப்பர்மார்க்கற்றில் கிழமைக்கு ஐந்து நாள், கல்லாவில்.

நீங்கள் வரக் கேட்டதை ஆரணியிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக் வெட்டேக்கை அப்பா என்ரை பக்கத்திலை நிப்பாரோ?" என்றாள். ஆகையால் வாங்கோ. மூன்று மணிக்கு. அண்ணையிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அது என்ன பேச்சு என்று உங்களுக்குத் தெரியும்.

பரிசு பெரிதாக ஒன்றும் வேண்டாம். டிசம்பரில் நத்தாருக்கு நீங்கள் அனுப்பிய சப்பாத்து அவளுக்குக் காணாது. பிள்ளையின் கால் வளர்ந்திருக்கும் என்று நினைக்கவில்லையா?

சோளத் தண்ணீரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். இரண்டு தரம் வாசித்தேன். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது. ஆசையை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்க்க ஏலாது.

சிவகௌரி

*

தோர்ண்டன் ஹீத்,
10.03.1992

அன்புள்ள கௌரிக்கு,

முந்தநாள் நான் கேக் வெட்ட முதலே போனதற்கு ஆரணியிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லும்.

அந்தப் போத்தல்கள் என் முட்டாள்தனம். ஹெர்னானின் உணவுச்சாலையில் கிடந்த மூன்று வெறும் வைன் போத்தல்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்து, லேபலைச் சுரண்டி, கழுவி, சோளத் தண்ணீரை நிரப்பித் தக்கை போட்டுக் கொண்டுவந்தேன். கண்ணாடியில் நிறம் வடிவாகத் தெரியும், பிள்ளைக்குப் பிடிக்கும் என்று மட்டும்தான் யோசித்தேன். குடிகாரன் கையில் வைன் போத்தல் என்றால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

உம்முடைய அண்ணை வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான், பிள்ளையின்ரை பிறந்தநாளுக்கும் போத்தலோடையோ?"

"குடிவகை இல்லை. சோளத்திலை காய்ச்சினது. மணந்து பாருங்கோ" என்றேன்.

அவர் மணக்கவில்லை. நீர்தான் ஒன்றைத் திறந்து மூக்கடியில் பிடித்தீர். நீர் ஏதாவது சொல்லுவீர் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கிடையில் ஆரணி வந்து என் கையைப் பிடித்து, "வடிவான கலர் அப்பா, ஒரு சொட்டு ரேஸ்ற் பண்ணட்டோ?" என்று கேட்டாள். அண்ணைக்கு அதோடு கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உம்முடைய கையிலிருந்ததையும் பிடுங்கி, மூன்றையும் குசினிச் சிங்கில் ஊற்றினார். இவ்வளவும் உமக்கும் தெரியும். வந்திருந்த இருபது பேருக்கும் தெரியும்.

உமக்குத் தெரியாததை இப்போது எழுதுகிறேன். ஸ்ரேசனுக்குப் போகும் வழியில் ஒரு பப்புக்குள் போனேன். ஒரு விஸ்கி வாங்கிக் குடித்தேன். இரண்டாவதும் வாங்கினேன். அதை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து, ரெலிபோன் பெட்டியில் நின்று ஹெர்னானைக் கூப்பிட்டேன். அவர் பாதி வேலையில் ஏப்ரனைக் கழற்றிவிட்டு வந்து, என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூப் தந்தார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

பதினொரு மாதம் போய்விட்டது. இன்று இரண்டாம் நாள். இதை உமக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திராது. ஆனால் மறைக்கத் தொடங்கினால் நான் பழைய ஆள்தான்.

இதனுடன் வரும் பார்சலில் இரண்டு சோளப்பொத்தியும் கறுவாவும் கராம்பும் இருக்கின்றன. செய்முறையைத் தாளில் எழுதியிருக்கிறேன். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது. நீரே உம்முடைய கையால் காய்ச்சிக் கொடும். விருப்பமில்லை என்றால் எறிந்துவிடும். நான் கேட்கமாட்டேன்.

குகதாசன்

*

வெம்பிளி,
29.03.1992

ஆரணியின் அப்பாவுக்கு,

மூன்று கிழமையாகப் பதில் எழுதவில்லை. விஸ்கி என்ற சொல்லை வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். பார்சலை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டேன். ஆரணி அதைக் கண்டுவிட்டாள். நாள்தோறும் பள்ளிக்கூடத்தால் வந்து அலுமாரிக்கு மேலே பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். இன்றைக்கு இங்கே அன்னையர் தினம். வாழ்த்து மட்டை ஒன்று செய்து தந்தாள். "உனக்கு என்ன செய்ய வேணும்?" என்று கேட்டேன். கதிரையில் ஏறிப் பார்சலை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

காய்ச்சினோம். மணி உதிர்த்ததில் அவளுடைய பத்து விரலும் ஊதா. அன்னாசித் தோலை நான் முதல் சரியாகக் கழுவவில்லை என்று உங்கள் தாளை வாசித்து எனக்கே ஏச்சு. வீடு முழுக்கக் கறுவா மணம். புளி விட்டதும் நிறம் மாறியபோது அவள் கத்திய கத்தில் அண்ணை மேலேயிருந்து இறங்கி வந்தார். ஆரணி ஒரு கிளாசை நிரப்பி அவருடைய கையில் கொடுத்தாள். குடித்தார். "நல்லாயிருக்கே, என்ன இது, கொடிமுந்திரிகைச் சாறோ?" என்றார்.

"நீங்கள் அண்டைக்குச் சிங்கிலை ஊத்தினது அண்ணை" என்றேன்.

அவர் கிளாசை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீ மணந்து பாத்தனியெல்லோ? ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். ராஜி அண்ணியும் அங்கேதான் நின்றா.

அவர்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். அன்றைக்கு நான் மணந்தபோது கறுவாவும் அன்னாசியும்தான் மணந்தது. மது இல்லை என்று அந்த நிமிசமே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பேசாமல் நின்றேன்.

ஏன் என்று மூன்று கிழமையாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபத்தோடு ஒரு வருடம் இருந்து பழகிவிட்டேன். காலையில் எழும்ப, வேலைக்குப் போக, பிள்ளையை வளர்க்க அந்தக் கோபம்தான் கை கொடுத்தது. நீங்கள் உண்மையாகத் திருந்திவிட்டால் அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? போத்தலில் வைன் இருந்திருந்தால் எனக்குச் சுகம். இப்படி நினைத்த பெண் நான்தான். எழுத வெட்கமாக இருக்கிறது.

நீங்கள் பப்புக்குள் போனதற்கு நான் பொறுப்பில்லை. அதை நான் தூக்கமாட்டேன். ஆனால் இருபது பேருக்கு முன்னால் உங்களைத் தனியே விட்டதற்கு நான்தான் பொறுப்பு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஆரணி மூன்று கிளாஸ் குடித்தாள். நானும் ஒன்று குடித்தேன். சீனி கொஞ்சம் கூடிவிட்டது.

சிவகௌரி

*

தோர்ண்டன் ஹீத்,
12.04.1992

அன்புள்ள கௌரிக்கு,

உம்முடைய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். பப்புக்குள் போன கால் என்னுடையது. அதை ஒருவர் தலையிலும் கட்டமாட்டேன். நீர் பேசாமல் நின்றதை முற்றாக மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இன்னும் கொஞ்சம் நோகிறது. ஆனால் இப்படி ஒரு கடிதம் எழுத எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் எழுதிப் பார்த்தவன்தானே. இன்று முப்பத்தைந்தாம் நாள்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மத்தியானம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் உம்முடைய அண்ணை. ஸ்ரீஸ்கந்தராஜா என்ற அந்தப் பெரிய மனிதர், மழையில் நனைந்துபோய், குடையும் இல்லாமல். உள்ளே வந்தார், கதிரையில் இருக்கவில்லை.

"நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை" என்றார். "என்ரை தங்கச்சி அண்டைக்கு உடுத்த உடுப்போடை, புகை மணத்தோடை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்ரை வாசல்லை வந்து நிண்டவள். அதை நான் மறக்கேலாது."

"மறக்க வேண்டாம். நானும் மறக்கேல்லை" என்றேன்.

அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எப்ப இறக்கிறது?"

"இன்னும் இருபது நிமிசம்."

"நீர் இப்பிடியே நிண்டு பாத்துக்கொண்டிருப்பீரோ?"

"ஓம்."

அவர் நனைந்த கோட்டைக் கழற்றிக் கதவில் கொழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இருபது நிமிசமும் நின்றார், கௌரி. வடிக்கும்போது பானையின் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். குடித்து முடித்துப் போகும்போதுதான், "பிள்ளைக்கு முன்னாலை ஊத்தினது பிழை" என்று சப்பாத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாற ஞாயிறு சாப்பிட வாரும்" என்றார்.

வரட்டுமா? அண்ணை கூப்பிட்டாலும் நீர் சொன்னால்தான் வருவேன்.

குகதாசன்

*

வெம்பிளி,
19.07.1992

அன்புள்ள உங்களுக்கு,

இன்றைக்கு நீங்கள் போன பிறகு பாத்திரம் கழுவிவிட்டு இருந்து எழுதுகிறேன். நேரே சொல்லத்தான் நினைத்தேன். அண்ணியும் பிள்ளையும் சுற்றிச் சுற்றி நிற்க வாய் வரவில்லை.

மூன்று மாதமாக ஒரு ஞாயிறும் விடாமல் வந்தீர்கள். ஒருநாள் உங்களுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் வாசலில் நின்று ஆரணிக்குக் கை காட்டிவிட்டுப் போனீர்கள். மே மாதம் ஒருநாள் வந்ததும் வராததுமாக, "கௌரி, நேற்றுப் பின்னேரம் கஷ்டமாக இருந்தது, குடிக்கவில்லை, ஆனால் கஷ்டமாக இருந்தது" என்று சொன்னீர்கள். கலியாணம் செய்த காலத்திலிருந்து நீங்கள் எனக்குச் சொன்னவற்றில் நான் முழுதாக நம்பியது அந்த ஒரு வசனத்தைத்தான்.

எங்கள் கடைக்கு உங்கள் பக்கம் குரொய்டனிலும் ஒரு கிளை இருக்கிறது. மாற்றம் கேட்டேன். தந்துவிட்டார்கள். தோர்ண்டன் ஹீத்தில், ஒரு சலவைக்கடைக்கு மேலே, இரண்டு அறை வீடு பார்த்திருக்கிறேன். ஆரணிக்குச் செப்ரெம்பரில் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. உங்கள் அறையிலிருந்து பத்து நிமிச நடை. நான் நடந்து பார்த்தேன்.

ஒரே வீடு என்று நான் எழுதவில்லை. அதைக் கவனமாக வாசியுங்கோ. எப்போது என்றும் கேட்கவேண்டாம், எனக்கே தெரியாது. எனக்குப் பயம் போகவில்லை. போகும் என்று காத்திருந்தால் நான் கிழவியாகிவிடுவேன். அதுதான் பயத்தையும் சாமானோடு கட்டிக்கொண்டு வருகிறேன்.

ஆரணிக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். அடுத்த ஞாயிறு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம்.

ஓகஸ்ற் முதலாம் திகதி, சனிக்கிழமை. அண்ணை வான் பிடித்துத் தருகிறார், ஆனால் அவருக்கு இடுப்பில் நாரி நோ, ஒன்றும் தூக்க ஏலாது. கட்டில், தையல் மெசின், ஆரணியின் புத்தகப் பெட்டிகள் எல்லாம் அந்த ஒடுங்கின படியால் மேலே ஏற வேண்டும். ஹெர்னானையும் கேட்டுப் பாருங்கோ. எல்லோருக்கும் நான் சமைக்கிறேன்.

காலை எட்டு மணிக்கே வந்து நில்லுங்கோ.

கௌரி