நீ அனுப்பிய வீடியோவில் இருப்பவர்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பி சிவேந்திரனுக்கு,

நீயும் வாணியும் ஷானும் பெர்த்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் உன்னை இரண்டு முறை போனில் கூப்பிட்டேன். இரண்டு முறையும் நீ ஹலோ சொன்னதும் வைத்துவிட்டேன். லைன் கோளாறு என்று நினைத்திருப்பாய். கோளாறு எதுவும் இல்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே பயமாக இருந்தது. எழுதினால் கொஞ்சம் மரியாதையாக வரும்.

மூன்று வாரத்துக்கு முன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ ஒரு வீடியோ அனுப்பினாய். பிரியாணிக் கடை முதலாளி ஒருவர் தன் பிறந்தநாளுக்கு ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு கொடுக்கிறார். எந்த இல்லம் என்று தெரியாதபடி பெயர்ப் பலகைக்கு மேல் அவர் கடை பேனர் தொங்குகிறது. தலைமுடியை ஒட்ட வெட்டிய ஒரு வயதான பெண்மணி, தன் பிள்ளைகள் தன்னைத் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார். பின்னால் வயலின் அழுகிறது. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: “இப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்களா? நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.”

தம்பி, அது நம் அம்மா.

இங்கேயே நிறுத்திவிட்டு அந்த வீடியோவை மறுபடியும் போட்டுப் பார். அதன்பிறகு மீதியைப் படி.

உன்னை மட்டும் குறை சொல்லப் போவதில்லை. நான் அதை ஆபீஸில் மதியம் சாப்பிடும்போது பார்த்தேன். முதலில் எனக்கும் தெரியவில்லை. பாவம் யாரோ என்று நினைத்துக்கொண்டு இன்னொரு வாய் சாதம் வைத்தேன். அந்தப் பெண்மணி பேச ஆரம்பித்ததும், குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த நிகழ்ச்சிக்கு முந்தைய ஞாயிறுகூடப் போய், நீண்ட முடியோடு அவரைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். வாயில் இருந்த சாதத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அம்மாவை ஏன் இல்லத்தில் சேர்த்தோம் என்பது உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். பிப்ரவரியில் நான் வேலைக்குப் போயிருந்த நேரம், அம்மா சேலை கட்டி, கைப்பையை எடுத்துக்கொண்டு, கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்து போய் ரயில் ஏறிவிட்டார். நீதிமன்றத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிள்ளான் ஸ்டேஷனில் காவலாளியிடம் சண்டை போட்டிருக்கிறார். காலில் செருப்பு இல்லை. அதன்பிறகுதான் உன்னிடம் பேசினேன். “சனம் என்ன சொல்லும் அக்கா?” என்று முதலில் கேட்டாய். இரண்டு நாள் கழித்து நீயே இணையத்தில் அந்தக் கிள்ளான் இல்லத்தைத் தேடிப் பிடித்து, “படத்துல பார்த்தா ரிசார்ட் மாதிரி இருக்கு” என்றாய். எனக்கும் பிடித்திருந்தது. வாசலில் ஊஞ்சல், சுவர் முழுக்க சிரிக்கும் கிழவர்களின் படங்கள். அந்தப் படங்களை யார், எதற்காக எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

வீடியோவைப் பார்த்த உடனே லீவு சொல்லிவிட்டுக் கிள்ளானுக்குப் போனேன். அம்மா ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நைட்டி. பிரியாணிக் கடைக்காரர் படம் போட்ட ஸ்டிக்கர் நைட்டியில் இன்னும் ஒட்டியிருந்தது. கழுத்து மடிப்பில் எண்ணெய் காய்ந்திருந்தது. அந்த நிகழ்ச்சி நடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது, தம்பி. ஐந்து நாள்.

பொறுப்பாளர் பெயர் சந்திரகலா. முடியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். “சீவி விட ஆள் பத்தல அக்கா. பேன் வந்தா எல்லாருக்கும் பரவிடும்லா” என்றாள். அம்மாவுக்கு இடுப்பு வரை இருந்த முடி. வீடியோவைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தாள். “சும்மா ஒரு புரோகிராம்தானே. ஸ்பான்சர் வந்தா நம்ம பெரியவங்களுக்குத்தானே நல்லது. அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது அக்கா.” பிறகு ஒரு ஃபைலைத் திறந்து, நான் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினாள். நிகழ்ச்சிகளில் படம் எடுக்கச் சம்மதம் என்று ஆறாவது பக்கத்தில் இருக்கிறது. கீழே என் பெயர், என் அடையாள அட்டை எண். அன்றைக்கு அம்மாவை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் எதையும் படிக்காமல் போட்ட கையெழுத்து.

இன்னொன்றும் சொன்னாள். அம்மா முதல் தடவை தலை குனிந்துகொண்டு சொன்னதால் முகம் சரியாக விழவில்லையாம். மறுபடியும் சொல்லச் சொல்லி எடுத்தார்களாம். “ஆனா நல்லா கோஆபரேட் பண்ணாங்க அக்கா, ரொம்ப கெட்டிக்காரங்க” என்று பாராட்டினாள். எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. அறைந்திருந்தால் அதையும் யாராவது படம் பிடித்திருப்பார்கள்.

அம்மா சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். முப்பத்தோரு வருடம் அம்மா கிள்ளான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி “நான் அடித்தேன்” என்றால், மொழிபெயர்ப்பவரும் “நான் அடித்தேன்” என்றுதான் சொல்ல வேண்டும், “அவர் அடித்தாராம்” என்று சொல்லக் கூடாது என்று நமக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். வீடியோவில் மைக் பிடித்தவன் கேட்கிறான்: “உங்க பிள்ளைங்க உங்கள தூக்கிப் போட்டுட்டாங்களா பாட்டி?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, “என் பிள்ளைகள் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்” என்று திருத்தமாகச் சொல்கிறார். பிறகு வலது பக்கம் திரும்பி அதையே மலாய் மொழியில் சொல்கிறார். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவருக்கு அங்கே நீதிபதி இருந்திருப்பார்.

அம்மா அவருடைய வேலையைத்தான் செய்தார், மனதில் இருந்ததைச் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அடுத்த நிமிடமே அது நிச்சயமில்லை என்று தோன்றுகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் காலம் போய்விட்டது.

அன்றைக்கே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இல்லத்தாரிடம் வீடியோவை நீக்கிவிடச் சொன்னதற்கு, “எல்லாரும் ஷேர் பண்ணிட்டாங்க, இனி எடுத்தும் பிரயோஜனம் இல்ல” என்றார்கள். எல்லாரும் என்பதில் நம் குடும்பக் குழுவில் இருக்கும் முப்பத்தெட்டுப் பேரும் அடக்கம். ஜெயமாலா ஆன்டி எனக்குத் தனியாகப் போன் செய்து, “பாவம் அந்த மனுசி. உன்ர அம்மா குடுத்து வச்சவ, உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருக்கு” என்றார். அம்மாவின் சொந்தத் தங்கை; அம்மா என் வீட்டில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். நான் ஆமாம் ஆன்டி என்று சொல்லி வைத்தேன். அந்த ஆமாம் இன்னும் என் வாயில் நாறுகிறது.

காரில் வரும்போது அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீங்கள் எந்தக் கேஸுக்கு வந்தனீங்கள்?” என்று கேட்டார். மரியாதையாக, வெளி ஆளிடம் கேட்பது போல. என் தாயைக் கூட்டிப் போக வந்தேன் என்றேன். “நல்லது. பத்திரமாக் கூட்டிக்கொண்டு போங்கோ” என்றார். ஃபெடரல் நெடுஞ்சாலையில் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு அழுதேன். அம்மா என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். யாரென்று தெரியாமலே தட்டிக்கொடுத்தார்.

இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் வைத்துப் பார்த்தேன். முடியவில்லை. கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டார், என் மணிக்கட்டைக் கடித்தார். ஒரு நாள் நானும் கத்தி, அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கையில் நீலம் பாரித்தது. அதைப் பார்த்த பிறகு மறுபடியும் இடம் தேடினேன். பார்த்த எல்லா இடத்திலும் ஊஞ்சலும் படங்களும்தான். கடைசியில் பூச்சோங்கில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு இணைப்பு வீடு. குமுதா என்று ஓய்வு பெற்ற மருத்துவமனைத் தாதி நடத்துகிறார், ஒன்பது பேர் இருக்கிறார்கள். சமூகநல இலாகாவின் பதிவுச் சான்றிதழைத் தவிர சுவரில் எதுவும் இல்லை. உள்ளே போனதும் மூத்திர வாடையும் டெட்டால் வாடையும் அடிக்கும். குமுதா என்னைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை. அம்மா எதற்குப் பயப்படுவார், எந்தக் கை பழக்கம், மலம் ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு மணி நேரம் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டார். இந்த முறை எல்லாத் தாளையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வியாழக்கிழமை சேர்த்தேன். நேற்றுப் போனபோது கழுத்து சுத்தமாக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

தம்பி, குழுவில் நீ எழுதியதை அழிக்க வேண்டாம். விளக்கமும் எழுதாதே. யாருக்கும் நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. பணம் அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே. அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்து போனாய், ஏழு வருடம் ஆகிறது. வா. காலை பத்து மணிக்குள் வந்தால் கொஞ்சம் பேசுவார். உன்னை யாரென்று கேட்டால் பெயரைச் சொல், அழாதே. அழுதால் பயந்துவிடுகிறார். போனைக் காரிலேயே வைத்துவிட்டு வா.

ஷானுக்கு என் அன்பைச் சொல். அவன் எங்கே வேலைக்குப் போனாலும், உன் வயதான காலத்தில் வாரம் ஒரு முறை உன் முகத்தை நேரில் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொள்கிறேன். இதைச் சாபமாக எடுத்துக்கொள்ளாதே, தம்பி. வாழ்த்தாகத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா,
நிரஞ்சனி