சுகந்தியின் தொட்டியில் டாப்னியா குதிக்கிறது

காபி குடிக்கும் முன்னே மீனுக்குத் தீனி போடுகிற என் சுகந்திக்கு,

ஜெயித்துவிட்டேன்டி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் பைட்டர் மீன் ஜோடி குஞ்சு பொரித்திருக்கிறது. முதல் சில நாள் பாசியில் கிடந்ததைத் தின்று பிழைத்தன. அப்புறம் பசி. கடைத் தூளை ஒன்றுகூடத் தொடவில்லை, அசைகிற தீனிதான் வேண்டும். தினம் இரண்டு மூன்று செத்து அடியில் கிடந்தன.

மீன் தீனிக்கென்று கிணற்றடியில் நீ வளர்த்த டாப்னியாப் பூச்சித் தொட்டி இருந்திருந்தால் கவலையே இல்லை. அதை அழியவிட்டவன் நான்தான். நீ போன பிறகு கிணற்றடிப் பக்கமே போகவில்லை. வெயிலில் தண்ணீர் வற்றி, அடிச்சேறு அப்பளமாகக் காய்ந்துவிட்டது.

போன மாதம், கழுவிக் கவிழ்த்துவிடலாம், சேறு ஊறட்டும் என்று மழைத்தண்ணீரை ஊற்றினேன். ஊற்றியதையே மறந்தேன். இப்போதெல்லாம் எடுத்த காரியம் எல்லாம் பாதியில் நிற்கிறது. ஒரு வாரம் கழித்து எட்டிப் பார்த்தால், வெள்ளைப் புள்ளிகள் துள்ளுகின்றன! காய்ந்த சேற்றுக்குள் அத்தனை மாதம் முட்டை உறங்கிக் கிடந்திருக்கிறது. இதை நீ சொல்லவே இல்லையா, நான்தான் காதில் வாங்கவில்லையா?

டெக்னீஷியன் புத்தி, உடனே தண்ணீரைச் சோதிக்கும் மீட்டரை முக்கினேன். "இன்னா மாமா, தண்ணிக்கு ஜுரம் பாக்குறியா?" என்று கேலி செய்வாயே. மீட்டரை வைத்துவிட்டு, உன்னைப் போல, அவற்றுக்குத் தீனியாக ஈஸ்ட்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அள்ளும் அளவுக்கு அவை பெருக நேற்று வரை ஆனது.

நேற்று வடிகட்டியோடு போனால், கொசு மருந்து ஊற்ற வரும் அக்கா குப்பியைத் திறந்துகொண்டு நிற்கிறார். ஒரு மூடி விழுந்தால் போதும், ஒன்றும் மிஞ்சாது.

"ஊத்தாதக்கா!" கத்திவிட்டேன்.

"இன்னா தம்பி, தொட்டி புல்லா புழுவா கீது! ஊரே ஜுரத்துல கெடக்குது, நீ கொசு வளத்துக்கினு கீறியா?"

"கொசுப்புழு இல்லக்கா, மீன் தீனி."

"எல்லா வூட்லயும் இதான் சொல்றாங்க. நவுரு."

கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். "கொசுப்புழு நெளியும், மூச்சு வாங்க மேல வந்து தொங்கும். இது குதிக்குது பாரு."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அட, ஆமா! தெள்ளுப்பூச்சி மாதிரி கீது. யாரு வளக்கறது, நீயா?"

"என் வூட்டுக்காரி."

நீ கண்மூடியது அவருக்குத் தெரியும். குப்பியை மூடினார். "மேல வலை கட்டு தம்பி. அடுத்த வாரம் வருவேன். ஒரே ஒரு கொசுப்புழு இருந்தாலும் ஊத்திட்டுத்தான் போவேன்."

அவர் இருக்கும்போதே கட்டிவிட்டேன். பிறகு பெரியதையெல்லாம் வடிகட்டி, குட்டி டாப்னியாவை மட்டும் குஞ்சுகளுக்கு விட்டேன். பாய்ந்தனடி! ஒவ்வொன்றும் வயிறு உருண்டு நின்றது. இன்று காலை அடியில் ஒரு சாவுகூட இல்லை.

நேற்று அக்காவிடம் நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம். பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், இத்தனை மாதத்தில் என் குரலையே இப்போதுதான் கேட்கிறார்களாம்.

இன்று இரண்டாவது தொட்டி வைத்து, அதிலும் ஒரு சொம்பு டாப்னியா விட்டிருக்கிறேன். ஒன்று கெட்டாலும் ஒன்று இருக்கும். உனக்குத்தான் அப்படி எதையும் செய்துவைக்க முடியவில்லை.

குஞ்சுகள் நிறம் காட்டும் வரை தினமும் கிணற்றடிக்குப் போவேன், சத்தியம். அதற்கப்புறமும் போவேன்.

குஞ்சுகளுக்குத் தீனிக்காரனாகிவிட்ட,
உன் மாமன்
கோபி